எட்டாவது வாரம்: குமட்டல் திடீரென்று நின்றுவிட்டது, பயப்பட வேண்டுமா?

கேள்வி (முதல்முறை):

முதல் குழந்தை, எட்டாவது வாரம். ஆறாவது வாரத்திலேயே மசக்கை ஆரம்பித்துவிட்டது. காலையில்தான் வரும் என்றார்கள். எனக்குச் சாயங்காலம்தான் உச்சம். கணவர் சோப்பு போட்டுக் குளித்துவிட்டு வந்தால் போதும், அந்த வாசனைக்கே எழுந்து ஓடுவேன். வாயில் எந்நேரமும் இரும்பைச் சப்பினாற்போல் ஒரு சுவை. நேற்றுக் காலை எழுந்தால் ஒன்றுமே இல்லை! மார்பு வலியும் குறைந்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? நானோ மணிக்கொரு தரம் மார்பை அழுத்தி, வலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரத்தக் கசிவோ வயிற்று வலியோ இல்லை. ஸ்கேன் பன்னிரண்டாவது வாரத்தில்தான். யாருக்காவது இப்படி நடுவில் நின்றதா?

பதில் (இரண்டு வாலுகளின் அம்மா):

எனக்கு நின்றது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் வட்டியோடு திரும்பி வந்தது. என் தங்கைக்கு மசக்கையே கிடையாது. குழந்தை நல்லபடியாகத்தான் பிறந்தது. பொறாமையாக இருந்தது என்பது வேறு விஷயம்.

பதில் (வார்டு அக்கா):

மகப்பேறு வார்டில் நர்ஸாக இருக்கிறேன். இந்தக் கேள்வியைத் தினமும் கேட்கிறோம் என்றே சொல்லலாம்.

முதலில், அழுத்திப் பார்ப்பதை விடுங்கள் தங்கச்சி. அழுத்த அழுத்த யாருக்கும் வலிக்கும்; அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மசக்கை ஒரே சீராக இருக்காது, நாளுக்கு நாள் ஏறி இறங்கும். கர்ப்பத்தில் சுரக்கும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் எட்டிலிருந்து பதினோராவது வாரத்துக்குள் உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். குமட்டலும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் அதிகமாக இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு 12 முதல் 16 வாரத்துக்குள் குறைந்துவிடும். ஆனால் அந்த ஹார்மோன் மட்டுமே காரணம் இல்லை. நஞ்சுக்கொடியும் கருவும் சுரக்கும் ஜி.டி.எஃப்.15 என்ற புரதத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்று 2023-ல் ஓர் ஆய்வு வந்தது. கர்ப்பத்துக்கு முன்பே உடம்பில் அது குறைவாக இருந்த பெண்களுக்குத்தான் பாடு அதிகமாம். ஆக, 'மனசு பலவீனம்' என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

குமட்டல் நின்றதை மட்டும் வைத்துக் கரு நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. நிம்மதி வேண்டுமானால் மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டு, முன்கூட்டியே ஸ்கேன் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஒரு பக்கமாக இழுக்கும் அடிவயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், அதிக ரத்தப்போக்கு, இவற்றில் எது வந்தாலும் போனோடு நிற்காமல் உடனே கிளம்பிவிடுங்கள். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம். லேசான கசிவு முதல் மூன்று மாதத்தில் நாலில் ஒருவருக்கு வருவதுதான், இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மசக்கை திரும்பி வந்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டால், சிறுநீர் அடர்ந்த நிறமாகப் போனால், அல்லது எட்டு மணி நேரமாகப் போகவே இல்லையென்றால், பொறுத்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள்.

முதல்முறை:

நன்றி அக்கா, போன் போட்டேன். இந்த வாரமே வரச் சொன்னார்கள். இன்னொன்று, கேட்கவே கூச்சம். மலச்சிக்கல் பாடாய்ப் படுத்துகிறது. ராத்திரியில் சிறுநீர் கழிக்கவும் ஓயாமல் எழுகிறேன். வயிறே இன்னும் தெரியவில்லையே, அதற்குள்ளா?

வார்டு அக்கா:

வயிறு தெரிய வேண்டிய அவசியமே இல்லை. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் இப்போதே கூடிவிடும், அதனால்தான் அடிக்கடி போகிறது. அதற்காகத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். வேண்டுமானால் படுக்கப் போவதற்கு முன் மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். கழிக்கும்போது எரிச்சல் இருந்தால் தொற்றாக இருக்கும், சொல்லுங்கள். மலச்சிக்கலுக்குக் காரணம் கர்ப்பத்தில் கூடும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்: அது குடலின் தசையைத் தளர்த்திவிடுகிறது. நெஞ்செரிச்சலும் இந்த அசதியும்கூடப் பெரும்பாலும் அதன் வேலைதான். நீங்கள் எடுக்கும் மாத்திரையில் இரும்புச்சத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது குமட்டலையும் மலச்சிக்கலையும் கூட்டும்; மாற்ற முடியுமா என்று இந்த வாரம் மருத்துவமனைக்குப் போகும்போதே டாக்டரிடம் கேளுங்கள். ஃபோலிக் அமிலத்தை மட்டும் 12 வாரம் வரை நிறுத்தக் கூடாது. மலமிளக்கி எதையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.