சொல் தெரியும், வாக்கியம் வரவில்லை: சீனப் பள்ளி மாணவிக்கு ஆங்கிலம் பழக்குவது எப்படி?

கால்வாய்க்கரை எழுதியது:

வணக்கம். ஆறு ஆண்டுகளாகச் சீனாவின் சூஜோ நகரில் வசிக்கிறேன். எதிர்வீட்டுப் பெண் இப்போது காவ்யீ படிக்கிறாள். நம் கணக்கில் பத்தாம் வகுப்பு. என்னை "ஆயி" என்றுதான் கூப்பிடுவாள். சீனத்தில் அது சித்தி, அத்தை முறை உள்ள பெண்களை அழைக்கும் சொல். நம்மில் பலர் அம்மாவை அப்படித்தான் அழைக்கிறோம். முதன்முதலில் அந்தச் சொல்லை அவள் வாயால் கேட்டபோதே எனக்கு மனம் இளகிவிட்டது.

அவள் ஆறாம் வகுப்புக்குப் போகவிருந்த 2021 கோடையில், வீட்டுப்பாடத்தையும் தனிப்பயிற்சியையும் குறைக்கச் சொல்லும் அரசின் "இரட்டைக் குறைப்பு" ஆணை வந்தது. அவள் போய்க்கொண்டிருந்த தனிப்பயிற்சி வகுப்பும் மூடப்பட்டது. அதன் பிறகு ஆங்கிலத்துக்குத் தனியாக யாரும் இல்லை. "ஞாயிறு பிற்பகல் மட்டும் கொஞ்சம் பார்க்க முடியுமா?" என்று அவளுடைய அம்மா கேட்டார். பணம் எதுவும் இல்லை, எதிர்வீட்டு உறவு. மற்ற நாட்களில் பள்ளியில் மாலைத் தற்படிப்பு முடிந்து அவள் வீடு திரும்பும்போது இரவு பத்து மணி தாண்டிவிடும். ஆக, வாரத்தில் எனக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம்.

போன மாதத் தேர்வில் 150-க்கு 98 வாங்கினாள். தாளைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். கேட்டறிதலும் வாசிப்பும் மோசமில்லை. அடி வாங்கிய இடங்கள் இரண்டு. ஒன்று, ஒரு பத்தியில் பத்து வெற்றிடங்களை இலக்கணப்படி நிரப்பும் பகுதி. இடத்துக்கு ஒன்றரை மதிப்பெண். நான்கைத்தான் சரியாக எழுதியிருந்தாள். மற்றொன்று எழுத்துப் பகுதி, 40-க்கு 20.

அவளுக்குச் சொற்கள் தெரியாமல் இல்லை. "ரெஸ்பான்சிபிலிட்டி" என்றால் கண்ணை மூடிக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பாட்டுப் போல ஒப்பிக்கிறாள். பொருளையும் சொல்கிறாள். அதை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் "ஐ ரெஸ்பான்சிபிலிட்டி மை பிரதர்" என்று எழுதுகிறாள். "ஐ வெரி லைக்" என்கிறாள். "யெஸ்டர்டே ஹீ டெல் மீ" என்கிறாள். விதி தெரியாதோ என்று கேட்டால், படர்க்கை ஒருமை வந்தால் வினையோடு "எஸ்" சேரும், இறந்தகாலத்தில் வினை மாறும் என்று சீனத்தில் மூச்சு விடாமல் சொல்கிறாள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் பெரும்பாலும் சரி. வெற்றுத்தாளில் எழுதும்போதுதான் அத்தனையும் எங்கோ போய்விடுகிறது.

ஒரு தவற்றேடு வைத்திருக்கிறாள். இங்கே எல்லாப் பிள்ளைகளும் வைத்திருக்கும் "சுவோதிபென்". கேள்வியைக் கறுப்பிலும் தன் விடையை நீலத்திலும் சரியான விடையைச் சிவப்பிலும் எழுதியிருக்கிறாள். அறுபது பக்கங்கள், அச்சடித்தது போன்ற கையெழுத்து. புரட்டிப் பார்த்தேன். நான்காம் பக்கத்தில் இருந்த அதே பிழை பத்தொன்பதாம் பக்கத்தில் இருக்கிறது, நாற்பத்தொன்றில் மறுபடியும் இருக்கிறது. இவ்வளவு உழைப்பும் இந்தப் பிள்ளைக்கு உதவவில்லையே என்று எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

கைப்பேசிச் செயலியில் தினம் 50 சொற்கள் மனப்பாடம் செய்கிறாள். அதை நிறுத்தச் சொல்லலாமா? காலத்துக்கு ஏற்ப வினை மாறாத மொழியைப் பேசும் பிள்ளைக்கு ஆங்கிலக் காலங்களை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? கையில் இருப்பது ஒன்றரை மணி நேரம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

தமிழ்_கற்றவள் எழுதியது:

அக்கா, வணக்கம். நான் சீனப் பெண். பெய்ஜிங்கில் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் தமிழ் படித்தேன். 1963-இலிருந்து தமிழில் ஒலிபரப்பும் சீன வானொலியைக் கேட்டுக் கேட்டுத்தான் என் காது தமிழுக்குப் பழகியது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எதிர்வீட்டுப் பெண்ணைப் போலத்தான் நானும் இருந்தேன். ஹேனானில் ஒரு மாவட்டப் பள்ளி. காலை வாசிப்பு நேரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் எழுந்து நின்று ஒரே நேரத்தில் சொற்பட்டியலைக் கத்துவோம். பிறகு சொல்வதெழுதுதல். ஆசிரியர் சீனப் பொருளைச் சொல்வார், நாங்கள் ஆங்கிலச் சொல்லை எழுதுவோம். ஓர் எழுத்து தவறினாலும் அந்தச் சொல்லைப் பத்து முறை எழுத வேண்டும். அப்படி வளர்ந்ததால், ஓர் ஆங்கிலச் சொல் என்றால் ஒரு சீனச் சொல்லுக்கு எதிரே நிற்கும் இன்னொரு எழுத்துக் கோவை என்றே என் மனத்தில் பதிந்துவிட்டது.

"காய்" என்று ஒரு வினை எங்களிடம் உண்டு. பட்டியலில் அதற்கு எதிரே "ஓபன்" என்று இருக்கும். ஆனால் சீனத்தில் கதவையும் "காய்" செய்வோம், விளக்கையும் "காய்" செய்வோம், வண்டியையும் "காய்" செய்வோம், கூட்டத்தையும் "காய்" செய்வோம், பூவும் "காய்" செய்யும். ஆங்கிலத்தில் இந்த ஐந்துக்கும் ஐந்து வெவ்வேறு வினைகள். நான் "ஓபன் தி லைட்" என்று எழுதி வாங்கிய சிவப்புக் கோடுகளுக்குக் கணக்கில்லை. தமிழ் படிக்க வந்தபோது "போடு" என்ற சொல்லைச் சந்தித்தேன். விளக்கைப் போடு, சட்டை போடு, கூட்டம் போடு, சண்டை போடு, டீ போடு. அன்றுதான் எனக்கு உறைத்தது: ஒரு சொல்லின் பொருள் அது யாரோடு சேர்ந்து நிற்கிறது என்பதில் இருக்கிறது. அக்கா, அந்தப் பெண்ணிடம் உங்கள் "போடு" கதையைச் சொல்லுங்கள். ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் வெளியே மூன்றாவது மொழி ஒன்றைக் காட்டினால் அவளுக்குச் சட்டென்று புரியும்.

காலங்களைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் "லெ" என்ற இடைச்சொல்தான் இறந்தகாலம் என்று பல பிள்ளைகள் தாமாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். அது தவறு. "நாளைக்குச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்" என்பதற்கும் சீனத்தில் "லெ" வரும். உங்கள் "விட்டு" போல, செயல் முடிவதைத்தான் அது காட்டுகிறது. அது நேற்றா நாளையா என்று சொல்வதில்லை. காலத்தை நாங்கள் "நேற்று", "நாளை" என்ற சொல்லிலேயே வைத்துவிடுவோம். "யெஸ்டர்டே" என்று ஒருமுறை எழுதிவிட்ட பிறகு வினை எதற்காக மறுபடியும் மாற வேண்டும்? இந்தக் கேள்வி ஆறு ஆண்டுகள் என் மனத்தில் இருந்தது. ஆசிரியரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. அவளும் அதையே நினைத்துக்கொண்டிருக்கலாம். நீங்களாகவே கேட்டுவிடுங்கள்.

தவற்றேட்டை நிறுத்த வேண்டாம். அதில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். சிவப்பில் சரியான விடையை எழுதுவதற்கு முன், அந்தப் பிழைக்குப் பின்னால் இருந்த சீன வாக்கியத்தை எழுதச் சொல்லுங்கள். "ஐ வெரி லைக்" என்பதற்குப் பின்னால் "வொ ஹென் ஷிஹுவான்" இருக்கிறது. "தேர் ஹேவ் மெனி பீப்பிள்" என்பதற்குப் பின்னால் "யோவ்" இருக்கிறது. "யோவ்" உங்கள் "இருக்கிறது" போலவே. எனக்குத் தம்பி இருக்கிறான், மேசையில் புத்தகம் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே சொல். ஆங்கிலம் அங்கே இரண்டாகப் பிரிகிறது. பிழை எங்கிருந்து வந்தது என்று கண்ணால் பார்த்துவிட்டால் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அது மறுபடி வராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வரும்போது அவளே அடையாளம் கண்டுகொள்வாள்.

இன்னொன்று, அக்கா. அவள் தூக்கத்திலிருந்து எதையும் எடுக்காதீர்கள். புதிதாக ஒன்றைத் தந்தால் பழையது ஒன்றைக் குறைத்துவிடுங்கள்.

---

வூஹான்_வாத்தியார் எழுதியது:

சகோதரி, மேலே எழுதியவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். சொற்பட்டியல் குறித்து மட்டும் என் கருத்தையும் கேளுங்கள். நான் இங்கே கல்லூரியில் கற்பிக்கிறேன். முதலாண்டுப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து நேராக என்னிடம் வருகிறார்கள்.

பட்டியலை நிறுத்திவிடாதீர்கள். இப்போதைய பாடத்திட்டம் ஒன்பதாம் வகுப்பு முடிவில் 1600 சொற்களையும், உயர்நிலைப் பள்ளிக்கு 3000 சொற்களையும் பின்னிணைப்பாகவே தருகிறது. பல்கலைக்கழகத்துக்கான நுழைவுத் தேர்வான காவ்காவின் ஆங்கிலத் தாளில் வாசிப்புக்கு மட்டும் 50 மதிப்பெண். சொல் தெரியாமல் அந்த 50-ஐத் தொட முடியாது. 50 சொற்களை 20 ஆக்குங்கள். ஒவ்வொன்றையும் அது வழக்கமாகச் சேர்ந்து வரும் சொல்லோடு எழுதட்டும். "ரெஸ்பான்சிபிலிட்டி" மட்டும் வேண்டாம்; "டேக் ரெஸ்பான்சிபிலிட்டி ஃபார்" என்று மூன்றையும் ஒன்றாக. ஏட்டில் இடமும் அவ்வளவுதான் கூடுதலாகும்.

அந்தப் பத்து வெற்றிடங்களுக்கு வருகிறேன். சிலவற்றில் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் கொடுத்திருப்பார்கள், சிலவற்றில் ஒன்றுமே இருக்காது. ஒன்றும் இல்லாத இடத்தில் பெரும்பாலும் "ஏ", "தி" போன்ற சுட்டுகளோ முன்னிடைச் சொல்லோ இணைப்புச் சொல்லோதான் வரும். பிள்ளைகள் விழுவது வினை கொடுத்திருக்கும் இடத்தில். அங்கே அவள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்த வாக்கியத்துக்கு ஏற்கெனவே ஒரு முற்றுவினை இருக்கிறதா?

தமிழர்களான நமக்கு இது கைவந்த விஷயம். "புத்தகத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் நடந்து போனாள்." எடுத்துக்கொண்டு எச்சம், நடந்து எச்சம், போனாள் முற்று. ஒரு வாக்கியத்தில் எத்தனை வினை வந்தாலும் கடைசியில் ஒன்றுதான் முற்று. சீனத்தில் வினைகள் எந்த மாற்றமும் இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். எது முற்று என்று உருவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் "டு" வைப்பதா, "இங்" சேர்ப்பதா, "எட்" சேர்ப்பதா என்று தடுமாறுகிறார்கள். பென்சிலைக் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் முற்றுவினைக்குக் கீழே மட்டும் கோடு போடச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் விடையே எழுத வேண்டாம், கோடு மட்டும் போதும்.

அடைமொழித் தொடரில் மட்டும் நீங்கள் அவளோடு ஒரே பக்கம் நிற்கிறீர்கள். "நான் நேற்று வாங்கிய புத்தகம்" என்று நாம் பெயரெச்சத்தைப் பெயருக்கு முன்னால் வைப்பது போலவே அவர்களும் வைக்கிறார்கள். ஆங்கிலம் பின்னால் வைக்கிறது. எந்த இடத்தில் தலைகீழாகப் புரட்ட வேண்டும் என்பதை உங்களைவிட நன்றாக ஓர் ஆங்கிலேயர் அவளுக்குச் சொல்லிவிட முடியாது.

---

இரண்டு_பிள்ளைகளின்_அம்மா எழுதியது:

ஒரு சிறு குறிப்பு. "ஹீ", "ஷீ" இரண்டையும் மாற்றிச் சொன்னால் உடனே திருத்தி வாயை அடைக்காதீர்கள். சீனத்தில் எழுத்து வேறானாலும் அவன், அவள் இரண்டுக்கும் ஒலி ஒன்றே, "தா". எழுதும்போது நிதானிக்க நேரம் கிடைக்கிறது, பேசும்போது கிடைப்பதில்லை. என் மகனின் வகுப்புத் தோழிக்கு ஒரே கதையை மூன்று முறை சத்தமாக வாசிக்க வைத்தேன். கதையில் ஒரு பாட்டியும் ஒரு பேரனும் மட்டுமே. அது உதவியது.

---

கால்வாய்க்கரை எழுதியது:

மூன்று ஞாயிறு கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

முதல் ஞாயிறு பாடநூலைத் திறக்கவே இல்லை. ஒரு தாளில் "போடு" என்று தமிழில் எழுதி, விளக்கு, சட்டை, கூட்டம், சண்டை, டீ என்று சுற்றிலும் படம் வரைந்தேன். சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையிலிருந்து பேனாவை வாங்கி, இன்னொரு தாளில் "காய்" என்று எழுதி, நான் சொல்லாமலே பதினோரு தொடர்களை அடுக்கினாள். ஒவ்வொன்றுக்கும் ஆங்கில வினையைத் தேடியபோது ஒரே ஓர் இடத்தில் மட்டும்தான் "ஓபன்" வந்தது. "அப்படியானால் நான் எழுதியது எல்லாம் தவறில்லை, ஆயி, சீனமாக இருந்திருக்கிறது" என்றாள். அந்த வாக்கியத்தை அப்படியே இங்கே எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

வினை ஏன் மாற வேண்டும் என்ற கேள்வியை நானே கேட்டேன். ஆமாம், அவளுக்கும் அதே சந்தேகம் இருந்தது. ஆங்கிலத்தில் "நேற்று" என்ற சொல் ஒரு பத்தியில் ஒருமுறைதான் வரும், அதற்குப் பிறகு வரும் இருபது வினைகளும் தாமே தம் காலத்தைச் சுமந்தாக வேண்டும் என்று ஒரு கதையை எடுத்துக் காட்டினேன். இப்போது தினமும் படுக்கப் போகும் முன் அன்று நடந்ததை மூன்று வரி எழுதுகிறாள். அதற்காகச் செயலியில் சொற்களை 20 ஆகக் குறைத்துவிட்டோம். அம்மாவுக்கு முதலில் தயக்கம் இருந்தது. மதிப்பெண் தாளை வைத்து விளக்கிய பிறகு ஒப்புக்கொண்டார்.

பழைய தவற்றேட்டில் முப்பது பிழைகளை எடுத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் இருந்த சீன வாக்கியத்தை அவளே எழுதினாள். முப்பதில் பத்தொன்பது இரண்டே காரணங்களில் அடங்கிவிட்டன: வினையை மாற்றாமல் விட்டது, ஒரே வாக்கியத்தில் இரண்டு முற்றுவினைகளை வைத்தது. அறுபது பக்கப் பிழைகளும் தனித்தனி எதிரிகள் என்று நினைத்திருந்த பெண்ணின் முகம் அன்று எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

போன ஞாயிறு பழைய காவ்காவ் தாள் ஒன்றில் அந்தப் பத்து வெற்றிடங்களை நிரப்பினாள். ஆறு சரி. எழுத்துப் பகுதியில் இன்னும் திணறுகிறாள், குறிப்பாகக் கதையைத் தொடர்ந்து எழுதும் 25 மதிப்பெண் பகுதியில். பத்திகளின் முதல் வரிகளைக் கொடுத்துவிடுகிறார்கள்; மீதியைச் சுமார் 150 சொற்களில் அவள் எழுத வேண்டும். அவளுக்குக் கதை வருகிறது, சீனத்தில் அழகாகச் சொல்கிறாள். ஆங்கிலத்தில் எழுதும்போது நான்கு வரிகளில் கதாநாயகன் வீட்டுக்குப் போய்விடுகிறான். வூஹான் ஐயா, உங்கள் முதலாண்டுப் பிள்ளைகளில் யாராவது இதில் நன்றாக மதிப்பெண் வாங்கியிருந்தால், அவர்கள் எப்படிப் பழகினார்கள் என்று கேட்டுச் சொல்ல முடியுமா? அடுத்த மாதத் தேர்வுக்கு இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது.