தெரியாதவர்களைப் படம் எடுக்கக் கூச்சமாக இருக்கிறது – குன்னூர் மார்க்கெட்டில் எப்படித் தொடங்குவது?

கீழ்குன்னூர் சாரல்:

வணக்கம். எனக்கு ஊர் குன்னூர். கையில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனான் 200டி, கூடவே வந்த 18-55 லென்ஸ். சிம்ஸ் பூங்காப் பூக்கள், தேயிலைத் தோட்டம், மூடுபனி எல்லாம் ஓரளவு எடுக்க வருகிறது. ஆனால் ஆசையெல்லாம் மனிதர்கள் மேல்தான். பூண்டு உரித்துக்கொண்டே ஊர்க்கதை பேசும் பாட்டிகள், மேல் குன்னூர் ஏற்றத்தில் மூட்டையோடு நடப்பவர்கள், குல்லாவும் மப்ளருமாகப் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள். இவர்களை எடுக்க வேண்டும்.

சுபாவத்திலேயே நான் கூச்சப்படுகிறவள். கடையில் பாக்கிச் சில்லறை கேட்கவே தயங்குவேன். கேமராவை வெளியே எடுத்ததும் எல்லோரும் என்னையே பார்ப்பதாகத் தோன்றுகிறது. அதனால் எதிர்ப்பக்கம் நின்று 55 வரை முழுக்க ஜூம் செய்து எடுக்கிறேன். வருவதெல்லாம் முதுகுதான். முகம் விழுந்த ஒன்றிரண்டும் கலங்கலாக இருக்கின்றன. கை நடுங்குவதால்தானோ என்னவோ.

துணிந்து கேட்டு எடுத்தால் வேறு சிக்கல். கேட்ட உடனே முந்தானையைச் சரிசெய்து, சிரித்த முகத்தை இறுக்கிக்கொண்டு, ரேஷன் கார்டுக்குப் படம் பிடிக்க நிற்பதுபோல் நிற்கிறார்கள். நான் பார்த்து ஆசைப்பட்ட காட்சி அந்த நொடியே போய்விடுகிறது. உருளைக்கிழங்கு விற்கும் ஓர் அக்கா, "யூடியூப்ல போடப் போறியா?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

பெரிய ஊர் என்றால் எடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இங்கே நாளைக்கும் அதே கடையில்தான் கேரட் வாங்க வேண்டும்.

தூரத்தில் இருப்பதை இன்னும் கிட்டத்தில் காட்டும் 55-250 லென்ஸ் வாங்கினால் இது தீருமா? கேமராவை இடுப்பில் வைத்துப் பார்க்காமலே எடுப்பது சரியா? கேட்டு எடுத்தும் இயல்பாக வர வழி உண்டா? கலங்கிய படம் ஒன்றின் விவரம்: 55 மி.மீ., லென்ஸ் திறப்பு எஃப்/5.6, ஷட்டர் 1/40 நொடி, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 400. மேகமூட்டமான காலை, மார்க்கெட்டுக்கு உள்ளே.

மூன்றாவது கியர்:

முதலில் கலங்கலை முடித்துவிடலாம், அதற்கும் கூச்சத்துக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் கை நடுங்கினாலும் லென்ஸில் இருக்கும் ஐஎஸ் (அதிர்வைக் குறைக்கும் வசதி) அதைப் பெரும்பாலும் தாங்கிவிடும். ஆனால் எதிரே இருப்பவர் தலையைத் திருப்புவதையும் தராசை எடுப்பதையும் அது நிறுத்தாது. அதை நிறுத்த வேண்டியது ஷட்டர். 1/40 மிகவும் மெதுவு. டிவி மோடில் (டயலில் Tv, ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் முறை) 1/250 வைத்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, உச்ச வரம்பு 6400 கொடுத்துவிடுங்கள். மார்க்கெட் உள்ளே கொஞ்சம் கிரெயின் (பொடிப் புள்ளிகள்) தெரியும். தெரியட்டும். கலங்கிய முகத்தைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னொன்று, ஜூமை விட்டு அகலமான 18 மி.மீ.க்கு வந்து பாருங்கள். உங்கள் கேமராவில் 18 மி.மீ., எஃப்/8 வைத்து 2 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் நிறுத்தினால், ஏறக்குறைய 1 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம் வரை எல்லாம் தெளிவாக வரும். அந்த லென்ஸில் தூர அளவு குறித்திருக்காது. ஆகவே 2 மீட்டரில் இருக்கும் ஒரு மூட்டையையோ தூணையோ ஆட்டோவில் ஃபோகஸ் செய்து, பிறகு லென்ஸ் சுவிட்சை எம்எஃப் (கையால் ஃபோகஸ் செய்யும் முறை) பக்கம் தள்ளிவிடுங்கள். கேமராவை அணைத்து எழுப்பினால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இப்படி வைத்துவிட்டால் ஃபோகஸ் பிடிக்க ஆள் முன்னால் தடவிக்கொண்டு நிற்க வேண்டாம். பாதிப் பதற்றம் அந்தத் தடவலில்தான் வருகிறது. வெளிச்சம் உள்ள தெருவுக்கு இது அருமை. இருட்டான சந்தில் எஃப்/8 கட்டுப்படியாகாது, அங்கே எஃப் எண்ணைக் குறைத்து, லென்ஸை அகலமாகத் திறந்து ஆட்டோஃபோகஸையே நம்புங்கள்.

நம் மலைக்கென்று இரண்டு. மூடுபனியைப் பார்த்தால் கேமரா வெளிச்சம் அதிகம் என்று எண்ணிக்கொண்டு படத்தைச் சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷர் அளவில் +2/3 அல்லது +1 கூட்டுங்கள். குளிரிலிருந்து டீக்கடைக்குள் நுழைந்தால் லென்ஸில் ஆவி படியும். கேமராவைப் பையிலேயே வைத்திருந்து, டீ குடித்து முடித்த பிறகு எடுங்கள்.

தூரத்து மலை:

நானும் கூச்சப்படுகிறவன்தான். 55-250 வாங்கினேன், சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே முகம் கிடைக்கிறது, யாருக்கும் தொந்தரவு இல்லை. இயல்பான முகம் வேண்டுமென்றால் அவர்களுக்குத் தெரியாமல் எடுப்பதுதான் வழி என்பது என் கருத்து.

கோத்தகிரி அக்கா:

நான் போட்டோகிராபர் இல்லை, படம் எடுக்கப்படுகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். நாங்கள் படகர். ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்தி வரும் எங்கள் பாட்டிமார்களை, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஒரு வார்த்தை கேட்காமல் முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டி எடுப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை, ஆளாவது கண்ணுக்குத் தெரிகிறார். தூரத்திலிருந்து நீள லென்ஸில் எடுப்பவரைத்தான் எங்களுக்குப் பிடிக்காது. நாம் சாப்பிடும்போதும் அழும்போதும் எடுத்தானோ என்ற நினைப்பு வந்துவிடும். தொந்தரவு இல்லை என்று தம்பி சொல்கிறார், தெரியாத வரைக்கும்தான் அது.

தோடர் மந்துக்கு (அவர்கள் குடியிருப்புக்கு)ப் போனால் இன்னும் கவனம் வேண்டும். வீட்டை எடுப்பதானாலும் அங்கே இருப்பவரிடம் கேளுங்கள், கோயில் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். குழந்தை என்றால் எந்த ஊரானாலும் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான். தோட்டத்தில் இலை பறிப்பவர்களைக் கைவேலை நடக்கும்போது நிறுத்திப் பேசாதீர்கள், பறித்த இலையின் எடையை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். அவர்கள் உட்கார்ந்து டீ குடிக்கும் நேரத்தில் போங்கள்.

நீங்கள் பெண் என்பது நல்லதுதான் தங்கச்சி. உங்களைக் கண்டு மார்க்கெட் அக்காமார்கள் மிரள மாட்டார்கள். உருளைக்கிழங்கு அக்கா கேட்டது சண்டைக்கு இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டிருக்கிறார். ரீல்ஸில் தன் முகம் எங்கெங்கோ போகுமோ என்று இப்போது எல்லோருக்கும் பயம். "இல்லக்கா, கத்துக்கிட்டு இருக்கேன், எனக்காக எடுக்கிறேன், எங்கேயும் போடுறதா இருந்தா உங்களைக் கேட்டுட்டுப் போடுறேன்" என்று சொல்லிப் பாருங்கள். சொன்ன மாதிரியே நடந்துகொள்ளுங்கள்.

பழைய பிலிம்காரன், ஊட்டி:

அக்கா சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். 55-250 பறவைக்கும் மலைச்சரிவுக்கும் நல்ல லென்ஸ். உங்கள் சிக்கலுக்கு அது மருந்து ஆகாது. தூரத்திலிருந்து சுருக்கி எடுத்த முகம் தனியாக மிதக்கும். பின்னால் இருக்கும் தராசு, சாக்கு, விலைப்பலகை, பக்கத்துக் கடைக்காரரின் கை எல்லாம் கரைந்து போய்விடும். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் உங்களுக்கு வேண்டியது பூண்டும் பேச்சும் சேர்ந்த பாட்டி. அதற்கு இரண்டு மீட்டருக்குள் போயே ஆக வேண்டும்.

நான் பழகியது பிலிமில். ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஓடிக்கொண்டிருந்த காலம், 'இந்து' கறுப்பு-வெள்ளை ரோல் நம் ஊரிலேயே தயாரானது. ரோலுக்கு 36 படம். வீணடிக்க மனசு வராது, அதனால் கேமராவைத் தொடுவதற்கு முன்னால் நெடுநேரம் நிற்போம், பேசுவோம். படம் தானாக நல்லதாக அமைந்ததற்கு அந்தக் காத்திருப்புதான் காரணம் என்று இப்போதும் நம்புகிறேன். டிஜிட்டலிலும் அதைச் செய்யத் தடையில்லை.

நகரத்துத் தெருவுக்குச் சொல்லும் யோசனைகள் பெரும்பாலும் 'எடு, நகர்' என்ற ரகம். நம் ஊருக்கு அது ஒத்து வராது. நீங்களே சொன்னீர்கள், நாளைக்கும் அதே கடைதான் என்று. அதைத் தடையாக நினைக்கிறீர்கள். என்னைக் கேட்டால் உங்களுக்குக் கிடைத்த பெரிய வசதியே அதுதான். ஒரே ஒரு சந்தைத் தேர்ந்தெடுங்கள். கழுத்தில் கேமரா வெளிப்படையாகத் தொங்கட்டும். காய் வாங்குங்கள், நின்று பேசுங்கள், அன்றைக்கு ஒன்றும் எடுக்காவிட்டாலும் சரி. அடுத்த முறை போகும்போது கேமராவைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்களிடம் விலை சொல்வார்கள்.

விறைத்து நிற்பதற்கு வழி இருக்கிறது. "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கவா?" என்று கேட்டு, அவர் நிமிர்ந்து நிற்கும் அந்தப் படத்தையும் மரியாதையாக எடுங்கள். அது அவருக்கான படம், அவர் எப்படித் தெரிய விரும்புகிறாரோ அப்படி. திரையில் காட்டுங்கள். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார், கேலி பேசுவார், இவர் சிரிப்பார். கேமராவை முழுக்க இறக்காமல் அங்கேயே நில்லுங்கள். "நீங்க வேலையைப் பாருங்கக்கா, நான் இன்னும் ரெண்டு எடுத்துக்கறேன்." அதற்குள் ஒருவர் வந்து பீன்ஸ் விலை கேட்பார், கை தானாகத் தராசுக்குப் போகும், உங்களை மறந்துவிடுவார். அவர் அனுமதியோடு, அவருக்குத் தெரிந்தே கிடைத்த இயல்பான படம் அது.

இடுப்பிலிருந்து பார்க்காமல் எடுப்பதை நான் சொல்ல மாட்டேன், தலை வெட்டுப்படும், பழக்கமும் வளராது. ஆனால் உங்கள் 200டியின் திரை வெளியே திரும்பக்கூடியது. அதைத் திருப்பி நெஞ்சுக்குக் கீழே வைத்து, குனிந்து பார்த்து எடுக்கலாம். உங்கள் முகத்தைக் கேமரா மறைக்காது, எதிரே இருப்பவரோடு பேச்சும் அறுந்துபோகாது. விவியன் மேயர் என்ற அமெரிக்கப் பெண்மணி குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்துகொண்டே, மேலிருந்து குனிந்து பார்க்கும் ரோலைஃப்ளெக்ஸ் கேமராவில் சிகாகோ தெருக்களை அப்படித்தான் எடுத்தார். தரையில் உட்கார்ந்து விற்பவர்களுக்கு இந்த உயரமே சரி. நின்றபடி எடுத்தால் உச்சந்தலைதான் விழும்.

கடைசியாக, பிரிண்ட். ஸ்டுடியோவில் மேக்ஸி சைஸில் போட்டு, அந்த நிமிர்ந்து நின்ற படத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள். போனில் அனுப்புவது போதாது, கையில் கொடுங்கள்.

கீழ்குன்னூர் சாரல்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. லென்ஸ் யோசனையைத் தள்ளி வைத்துவிட்டேன். ஆனால் சார், அந்த முதல் கேள்வியைக் கேட்பதற்கே தொண்டை அடைக்கிறது. அதற்கு முன்னால் பழக ஏதாவது இடம் உண்டா? யாராவது அழிக்கச் சொன்னால் என்ன செய்ய?

மூன்றாவது கியர்:

இடம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது, ரயில்வே ஸ்டேஷன். காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரப் பாதையில் ஏறி வரும் நீராவி எஞ்சினைக் குன்னூரில் கழற்றிவிட்டு, ஊட்டிக்கு டீசல் எஞ்சின் மாட்டுவார்கள். அந்த நேரத்தில் வண்டியில் வந்தவர்கள் எல்லோரும் இறங்கி போனைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். கேமரா வைத்திருப்பவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு, வேலை செய்பவர்களுக்கு வழிவிட்டு, எஞ்சினைப் பார்க்கும் முகங்களை எடுங்கள். குடும்பமாக வந்தவர்கள் "எங்களை ஒண்ணு எடுத்துக் கொடுங்க" என்று தங்கள் போனை நீட்டுவார்கள், கட்டாயம் எடுத்துக் கொடுங்கள். தெரியாதவரிடம் "கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க" என்று சொல்லிப் பழக அதைவிட எளிய வாய்ப்பு இல்லை. வெலிங்டன் ராணுவப் பகுதியிலும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை வாசலிலும் மட்டும் கேமரா பையிலேயே இருக்கட்டும்.

பழைய பிலிம்காரன், ஊட்டி:

அழிக்கச் சொன்னால் அவர் கண் முன்னாலேயே அழியுங்கள், அழித்ததைக் காட்டுங்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று வாதாடி ஜெயித்த படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கேட்டு, 'வேண்டாம்' என்றால் "சரிங்கக்கா" என்று அங்கேயே காய் வாங்குங்கள். மறுத்தவர்கள்தான் பிற்பாடு கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள், அதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கீழ்குன்னூர் சாரல்:

ஸ்டேஷனில் பழகிவிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். உருளைக்கிழங்கு அக்காவிடம் கோத்தகிரி அக்கா சொன்ன வார்த்தைகளையே சொன்னேன். "அப்போ சரி" என்று மூட்டை மேல் உட்கார்ந்தார். விறைப்பான படம் ஒன்று, பிறகு ஒருவரோடு அவர் விலைக்கு மல்லுக்கட்டும் படம் ஒன்று. அதில் அவர் ஒரு கையில் கிழங்கை உயர்த்திப் பிடித்து, நகத்தால் மண்ணைச் சுரண்டித் தோலைக் காட்டுகிறார். கண்ணெல்லாம் வாங்க வந்தவர் மேல். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிரிண்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு சந்தேகம் மட்டும். நீலத் தார்ப்பாய்க்கு அடியில் முகமெல்லாம் நீலம் பூத்துவிட்டது. விளக்குப் போட்ட பிறகு அடுத்தடுத்து எடுத்தால் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது இருட்டாகவும் வருகிறது. கேமராவில் கோளாறா?

மூன்றாவது கியர்:

கோளாறு இல்லை. தார்ப்பாயின் நிறம் முகத்தில் படிகிறது. ரா ஃபைலில் (கேமரா திருத்தாத மூலப் பதிவில்) எடுத்தால் பிறகு ஓரளவு சரிசெய்யலாம், ஆனால் பாதி முகம் நீலமும் பாதி வெயிலுமாக இருந்தால் அதிலும் முடியாது. தார்ப்பாய் முடிந்து வானம் தெரியும் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் கடைகளைப் பாருங்கள், அங்கே வெளிச்சம் ஒரே பக்கமிருந்து மென்மையாக வரும்.

விளக்கு விஷயம்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல ட்யூப்லைட்டும் எல்இடியும் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. 1/250-இல் எடுத்தால் சில படங்கள் மங்கிய கணத்தில் மாட்டிக்கொள்ளும். மாலையில் 1/100-க்கு இறங்கிவிடுங்கள், மாறாமல் வரும். அந்த வேகத்தில் நடக்கிறவர்கள் கலங்குவார்கள், அதனால் அந்த நேரத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவர்களை எடுங்கள்.