பிரிட்டோரியா அரசாங்கப் பணத்தை மட்டும் நம்பி இருக்கலாமா?

லௌடியம் அச்சுக்கடை:
வணக்கம். என் வேலையில் முக்கால்வாசி அரசு அலுவலகங்களுக்குத்தான். இன்வாய்ஸ் கிடைத்து 30 நாளில் பணம் தரவேண்டும் என்பது விதி, ஆனால் ஒரு அலுவலகம் ஐந்து மாதமாக இழுத்தடிக்கிறது, கடையில் இரண்டு பேருக்குச் சம்பளம் போட முடியவில்லை. பிரிட்டோரியா 1910 முதல் தென்னாப்பிரிக்காவின் நிர்வாகத் தலைநகரம், ஊரே இப்படி அரசாங்கப் பணத்துக்குப் பழகிவிட்டது. வேறு வழி உண்டா?

ரோஸ்லின் தம்பி:
அண்ணா, ஊர் முழுக்க அப்படி இல்லை. இங்கே ரோஸ்லின் பகுதியில் பிஎம்டபிள்யூ கார் தொழிற்சாலை 1973 முதல் இருக்கிறது, சில்வர்டன் பகுதியில் ஃபோர்டு கம்பெனி ரேஞ்சர் வண்டி செய்கிறது, அதற்கு 2021இல் 1,580 கோடி ராண்ட் முதலீடு அறிவித்தார்கள், பக்கத்திலேயே உதிரிபாகக் கம்பெனிகளுக்கென்று சிறப்புப் பொருளாதார மண்டலமும் வந்துவிட்டது. லேபிள், எச்சரிக்கைப் பலகை எல்லாம் அவர்களுக்கும் தேவைதானே, நேரில் போய்க் கேளுங்கள்.

மாரபஸ்டாட் அக்கா:
தம்பி சொல்வது சரி, ஆனால் கார் ஏற்றுமதி வெளிநாட்டை நம்பியது, அங்கே வரி ஏறினால் இங்கே வேலை போகும். எனக்குப் பெரிய கவலை, நம் பிள்ளைகள் இங்கே படித்துவிட்டு ஜோகன்னஸ்பர்க் போய்விடுவது. சி.எஸ்.ஐ.ஆர். என்னும் தென்னாப்பிரிக்க அரசின் அறிவியல் ஆராய்ச்சி நிலையம் இந்த ஊரில்தான் இருக்கிறது, அதை ஒட்டிச் சின்னக் கம்பெனிகள் முளைக்கவேண்டும். அப்புறம் அந்தப் பாக்கிக்கு, இன்வாய்ஸ் தேதியோடு எழுத்தில் புகார் கொடுங்கள், போனில் பேசிப் பயனில்லை.