1000 வாட் ஹீட்டர் ராடு 684 வாட்தான் எடுக்கிறது: பழுதா?

கடைசிக்கம்பம்:
ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டத்து வீடு. லைனில் கடைசி இணைப்பு எங்களுடையது. அம்மாவுக்கு மூட்டுவலி, விடியற்காலையில் ஒரு வாளி வெந்நீர் போட்டே ஆக வேண்டும். போன மாதம் 1000 வாட் ஹீட்டர் ராடு வாங்கினேன். 15 லிட்டருக்கு 20 நிமிடம் போதும் என்றார் கடைக்காரர். இங்கே அரை மணி ஆகிறது. தோளில் துண்டோடு அம்மா வாசற்படியில் காத்திருப்பதைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

கம்பியைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் இரவல் வாங்கி அளந்தேன். இரண்டு கம்பியையும் சேர்த்துக் கவ்வினால் சுழி காட்டியது. ஒரு கம்பியை மட்டும் பிரித்துக் கவ்வியபோது 3.6 ஆம்பியர். வோல்டேஜ் 190. பெருக்கினால் 684 வாட். ஆனால் 1000-ஐ 190-ஆல் வகுத்தால் 5.26 ஆம்பியர் அல்லவா வர வேண்டும்? ராடைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

பழைய வயர்மேன்:
கொடுக்காதீர்கள் தம்பி, ராடு நல்ல ராடு. 1000 வாட் என்பது 230 வோல்ட் கிடைத்தால் மட்டுமே. ராடில் ஏறக்குறைய மாறாமல் இருப்பது மின்தடைதான். 230-ஐ 230-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 52.9 ஓம். நீங்கள் அளந்ததை வகுத்துப் பாருங்கள்: 190 வகுத்தல் 3.6, அதாவது 52.8 ஓம். இதைவிடச் சரியாக எந்த ராடும் இருக்காது.

வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரும் கூடவே குறைகிறது. இரண்டையும் பெருக்குவதால்தான் வாட்டில் அடி பலமாக விழுகிறது: வோல்டேஜ் 17 சதவீதம் குறைய, சூடு 32 சதவீதம் போய்விட்டது. குறை லைனில் இருக்கிறது. 190 வோல்ட் வீட்டுக்கு வரக்கூடாத அளவு; தேதி, நேரம், வோல்டேஜ் மூன்றையும் ஒரு வாரம் குறித்து, எழுத்தில் புகார் கொடுங்கள்.

ஐடிஐ மாணவி:
ஒன்று சேர்க்கிறேன். ராடைப் பிளக்கிலிருந்து கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பார்த்தாலும் 50-ஐ ஒட்டித்தான் காட்டும். ராடுக்குள் இருக்கும் நிக்ரோம் கம்பியின் மின்தடை சூட்டில் அதிகம் மாறாது. பழைய குண்டு பல்பில் இதை நம்ப வேண்டாம். 60 வாட் பல்பு எரியும்போது கணக்குப்படி 882 ஓம். அணைந்து ஆறியபின் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது.

கடைசிக்கம்பம்:
நன்றி அண்ணா, நன்றி சகோதரி. அரை மணி ஓடுவதால் யூனிட் கூடுமா? மாவு கிரைண்டருக்கும் இப்படியே பெருக்கலாமா?

பழைய வயர்மேன்:
யூனிட் கூடாது. வாட் குறைவு, நேரம் அதிகம். அந்த வாளிக்கு எப்படியும் ஏறத்தாழ 0.35 யூனிட்தான்.

கிரைண்டருக்கு வேண்டாம். மோட்டாரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வோல்ட்-ஆம்பியர்தான் கிடைக்கும். உண்மையான வாட் அதற்கும் கீழே, பவர் ஃபேக்டரையும் (வோல்ட்-ஆம்பியரில் உண்மையான வாட் எவ்வளவு பங்கு என்ற எண்) சேர்த்துப் பெருக்க வேண்டும். வகுத்தாலும் அது சுருளின் மின்தடை ஆகாது. வீட்டு மீட்டரின் சிவப்பு விளக்கை எண்ணுங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். என் வீட்டில் 3200. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதலில் ராடில் பழகுங்கள். தண்ணீரைத் தொட்டுப் பார்க்கும் முன் பிளக்கைக் கழற்ற மறக்காதீர்கள்.

கடைசிக்கம்பம்:
எங்கள் மீட்டரிலும் 3200தான். இன்று விடியற்காலை 5 மணிக்கு ராடு மட்டும் ஓட, ஒரு நிமிடத்தில் 36 சிமிட்டல். மணிக்கு 2160, அதை 3200-ஆல் வகுத்தால் 0.675 யூனிட், அதாவது 675 வாட். நோட்டில் முதல் வரி எழுதிவிட்டேன்.