மறு: 'ஆல் இன் ஒன்' பீர் கலனுக்கு என்ன பெயர்?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

வீட்டிலேயே பீர் செய்யும் 'ஆல் இன் ஒன்' கருவிக்கு நம் கையேட்டில் என்ன தமிழ்ப்பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் 'முழுமைக்கலன்', 'ஊறற்கலன்', 'காய்ச்சி', 'ஒற்றைக்கலன்' என்று நான்கு சொற்கள் வந்தன. அவற்றில் நீங்கள் சொன்ன 'முழுமைக்கலன்' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது முழு வேலையும் பார்ப்பதில்லையே! மெல்போர்னில் மருமகன் வீட்டில் ஒரு நாள் முழுக்கப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். (அங்கே சொந்தக் குடிக்குப் பீர் செய்துகொள்ளலாம், பாளையங்கோட்டையில் செய்தால் கேஸ்தான்.)

இடுப்பளவு எவர்சில்வர் டிரம். அடியில் ஹீட்டர், ஓரத்தில் சின்ன பம்பு. உள்ளே, நம்ம இட்லிக் கொப்பரைத் தட்டு மாதிரி அடியில் ஓட்டை போட்ட உள்பாத்திரம். முளைகட்டிக் காயவைத்து உடைத்த பார்லியை அதில் கொட்டி, 66 டிகிரி வெந்நீரை ஒரு மணி நேரம் சுற்றவிட்டார். மாவுச்சத்து சர்க்கரையாகித் தண்ணீர் தித்தித்தது. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், ஆறிப்போன பானகம் மாதிரி. அப்புறம் உள்பாத்திரத்தைத் தூக்கி வடியவிட்டு, அதே டிரம்மில், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவிட்டார். ஈஸ்ட் போட்டு நொதிக்கவைத்தது வேறு பக்கெட்டில்.

அதனால் 'ஊறற்கலன்' என்பதும் பொருந்தாது. போதாததற்கு, 'ஊறல்' என்றாலே கள்ளச்சாராய ஊறலைப் போலீஸார் கொட்டி அழித்த செய்திதான் ஞாபகம் வருகிறது. 'காய்ச்சி'யும் வேண்டாம். உடன்குடிப் பக்கம் பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. மற்றபடி 'காய்ச்சினான்' என்றால் சாராயம்தான். பீரில் ஆவியாக்கி வடிக்கும் வேலையே கிடையாது.

'ஒற்றைக்கலன்' எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் பெரிய பானைக்குள் துணிப்பையைப் போட்டு, பையில் பார்லியை ஊறவைத்து, பையை எடுத்துவிட்டு அதே பானையில் கொதிக்கவைக்கிறார்களே, அதுவும் ஒற்றைக்கலன்தானே? வித்தியாசம் கலன்களின் எண்ணிக்கையில் இல்லை. ஹீட்டர், பம்பு, சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி எல்லாம் ஒரே உடம்பாக இருப்பதில்தான் இருக்கிறது. ஆகவே 'கூட்டுக்கலன்' என்கிறேன். கூட்டுக்குடும்பம் போலத்தான்: அன்றைக்குப் பம்பில் பார்லி உமி அடைத்து அரை மணி நேரம் மொத்த வேலையும் நின்றது. பானைக்காரருக்கு அந்த வம்பு இல்லை. தெர்மாமீட்டர் உடைந்தால் தெர்மாமீட்டர் மட்டும் வாங்கினால் போதும். ஆனால் அவர் அடுப்புப் பக்கத்தைவிட்டு நகர முடியாது.

எளிய அமைப்புக்குப் புதுச்சொல் எதற்கு? 'பானையும் பையும்' என்று எழுதினாலே விளங்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நம் கையேட்டில் அதையே முதலில் வைக்கலாம்.

கலனா, கலமா என்பதை மட்டும் நீங்களே முடிவுபண்ணுங்கள், அண்ணாச்சி. எனக்கு இரண்டும் சரி.