எட்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்த பையன்: நீங்கள் கண்டதையும் சொல்லுங்கள்

கணக்கு வாத்தியார்

அரசுப் பள்ளிகளில் படிப்பு இறங்கிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோம். எந்த இடத்தில் இறங்கியது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில். நான் கண்டதை எழுதுகிறேன். உங்கள் வகுப்பில், வீட்டில் நடந்ததை நீங்களும் எழுதுங்கள். கட்டுரை வேண்டாம், நடந்தது போதும்.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன். பலகையில் சமன்பாடு எழுதிப் போட்டால் முதலில் எழுகிற கை அவனுடையதுதான். மனக்கணக்காகவே விடை சொல்லிவிடுவான். ஆனால் தேர்வில் பதினெட்டு, இருபது மதிப்பெண்ணைத் தாண்டமாட்டான். கதை போல வாக்கியத்தில் வரும் கணக்குகளை அப்படியே விட்டுவிடுவான், தாள் வெள்ளையாக இருக்கும். சோம்பல், அலட்சியம் என்று இரண்டு மாதம் திட்டிக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் மதியம் பக்கத்தில் உட்காரவைத்து, "கணக்கைப் போட வேண்டாம், கேள்வியை மட்டும் வாய்விட்டுப் படி" என்றேன். விரலை எழுத்தின்மேல் வைத்தான். "ஒ... ரு... தொ... ட்... டி..." தொட்டியைக் கடந்து, குழாயைக் கடந்து, "நிரம்ப" என்ற சொல்லுக்கு வந்தபோது, வாக்கியம் எதில் தொடங்கியது என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. சரி என்று நானே கேள்வியைப் படித்துக் காட்டினேன். இரண்டு நிமிடத்தில் விடை வந்தது, அதுவும் சரியான விடை.

எட்டு வருடங்களில் அத்தனை ஆசிரியர்களும் சேர்ந்து அவனை ஒவ்வொரு வகுப்பாக மேலே அனுப்பியிருக்கிறோம். யாரும் அவனைப் படிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. மறுநாள் வகுப்பில் இருந்த நாற்பத்தொரு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரு பத்தி படிக்கச் சொன்னேன். தடங்கலில்லாமல் படித்தவர்கள் இருபத்தாறு பேர். மீதிப் பதினைந்து பேருக்கு நான் இவ்வளவு நாள் என்ன நடத்திக்கொண்டிருந்தேன்?

நாலாம் வகுப்பு அம்மா

சார், எங்கள் வீட்டில் நடந்தது இதைவிட வினோதம். என் மகளின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தால் முத்து முத்தான எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் டிக். பாடத்தைப் படி என்றால் கடகடவென்று படிப்பாள். எனக்கு ஒரே பெருமை.

ஒரு நாள் பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன?" என்றேன். கண்ணை மேலே கொண்டுபோய் முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்தச் சொல்லில் நின்றாள். அப்போதுதான் புரிந்தது. பாடம் முழுக்க மனப்பாடம். கை பலகையைப் பார்த்து எழுதுகிறது, வாய் காதில் விழுந்ததைச் சொல்கிறது, எழுத்துக்கும் சத்தத்துக்கும் தொடர்பே இல்லை.

அன்றிலிருந்து பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். தினமும் அன்றைக்கு வீட்டில் நடந்ததை ஐந்தாறு சிறிய வாக்கியங்களாக ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். அவளைப் பற்றியே இருக்கும், கொஞ்சம் கிண்டலாகவும் இருக்கும். இதற்கு முன் கேட்டறியாத வாக்கியம் என்பதால் மனப்பாடம் உதவாது. மூன்று மாதம் பிடித்தது. இப்போது அவளே எனக்கு எழுதி நீட்டுகிறாள், பெரும்பாலும் புகார்தான்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்

நான் கொஞ்சம் மனம் திறந்து சொல்கிறேன். ஆய்வுக்கு வருகிறவர்கள் என்ன கேட்பார்கள் தெரியுமா? பாடத்திட்டம் எத்தனை சதவீதம் முடிந்தது, பதிவேடு எழுதியாகிவிட்டதா, தேர்ச்சி எவ்வளவு. முப்பத்தொரு வருடப் பணியில், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளையை எழுப்பி, "இதைப் படி" என்று சொன்ன அதிகாரிகள் இரண்டே பேர். கேட்கிறவர் எதைக் கேட்கிறாரோ, பள்ளி அதைத்தானே தயார் செய்யும்? முப்பது மதிப்பெண்ணை முப்பத்தைந்தாக்கிய பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் தேர்வு முடிவை வைத்தே பள்ளியையும் ஆசிரியரையும் எடைபோட்டார்கள். 2009 தேர்வில் ஆசிரியர்களே விடைத்தாளில் தவறான விடைகளை அழித்துத் திருத்தினார்கள். 2011-இல் விசாரணை அறிக்கை வந்தபோது 44 பள்ளிகளில் 178 பேர் சிக்கினார்கள். 2015-இல் 11 பேரை நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. காகிதத்தில் மதிப்பெண் ஏறியது, பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஓர் அளவுகோலை வைத்தே ஒருவரின் தலையெழுத்தை முடிவு செய்தால், முதலில் வளைவது அந்த அளவுகோல்தான் என்று டொனால்ட் கேம்ப்பெல் என்ற சமூக அறிவியலாளர் எழுபதுகளிலேயே எச்சரித்திருந்தார்.

பழைய மாணவன்

ஒரு சின்ன மறுப்பு. "அந்தக் காலத்தில் தரம் இருந்தது" என்ற பேச்சை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். என்னோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் பாதிப்பேர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. படிக்க முடியாதவன் ஃபெயில் ஆவான், இரண்டு முறை ஃபெயில் ஆனால் வேலைக்குப் போய்விடுவான். மேல் வகுப்பில் மிஞ்சியிருந்தவர்களை மட்டும் வைத்துத்தான் தரம் என்று பேசிக்கொண்டோம். இன்றைக்கு அந்தப் பிள்ளைகள் வகுப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் கண்ணுக்குத் தெரிகிறார்கள். மறுபடி ஃபெயில் போட ஆரம்பித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் இங்கே எழுதிவிடாதீர்கள். நான் மூன்றாம் வகுப்பில் ஒரு வருடம் ஃபெயிலானவன். அதே புத்தகம், அதே டீச்சர், அதே அடி. எனக்குப் புதிதாக ஒன்றும் புரிந்துவிடவில்லை.

தொடக்கப் பள்ளி ஆசிரியை

கணக்கு வாத்தியார் சார் கேட்ட "எந்த இடத்தில்" என்பதற்கு என் பதில்: இரண்டாம் வகுப்பின் கடைசியிலும் மூன்றாம் வகுப்பின் தொடக்கத்திலும். அதுவரை பிள்ளை படிக்கக் கற்றுக்கொள்கிறது. அதற்கப்புறம் புத்தகம் நீளமாகிவிடுகிறது, எல்லாப் பாடத்தையும் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பேருந்தைத் தவறவிட்ட பிள்ளைக்காக யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. ஏனென்றால் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும்.

இந்தியாவில் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005-இலிருந்து கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கிறது. 2022 கணக்கெடுப்பில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் சுமார் 43 சதவீதம்தான். தனியார் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்த கணக்கு அது. அவர்கள் கையில் எடுத்துப் போகும் கருவி ஒரே ஒரு தாள்: எழுத்துகள், சில சொற்கள், ஒரு சிறிய பத்தி, ஒரு சிறிய கதை. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் போதும்.

என் பள்ளியிலும் அதே மாதிரி ஒரு தாள் தயாரித்தேன். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளைக் கலந்து, காலையில் ஒரு மணி நேரம் மட்டும், வயதைப் பார்க்காமல் தெரிந்ததைப் பார்த்துப் பிரித்தோம். எழுத்துக் குழு, சொல் குழு, பத்தி குழு, கதைக் குழு. முதல் இரண்டு வாரம் சந்தைக்கடைதான். ஐந்தாம் வகுப்புப் பையன் மூன்றாம் வகுப்புத் தங்கையோடு ஒரே பாயில் உட்கார மாட்டேன் என்று அழுதான். அது என் தவறு. கெட்டிக்காரர்கள், மெதுவானவர்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்படி பெயர் வைத்திருந்தேன். அப்புறம் பெயரை நிறமாக மாற்றினேன். பத்து நாளுக்கு ஒருமுறை மறுபடி படிக்கச் சொல்லிப் பார்த்து, முன்னேறிய பிள்ளையை உடனே அடுத்த குழுவுக்கு மாற்றினேன். அந்த மாற்றம்தான் மருந்து. இடம் நிரந்தரமில்லை என்று தெரிந்த பிறகு யாரும் அழவில்லை.

புதுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் போதும் என்பவர்களுக்கு ஒன்று. தொண்ணூறுகளில் கென்யாவில் சில பள்ளிகளுக்குப் பாடப் புத்தகம் இலவசமாகக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர்கள் மட்டும்தான் முன்னேறினார்கள். புத்தகம் ஆங்கிலத்தில், பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. படிக்கத் தெரியாத பிள்ளையிடம் புத்தகம் கொடுத்து என்ன பயன்? அந்த ஆய்வைச் செய்தவர்களில் ஒருவர் மைக்கேல் கிரெமர். 2019-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

ஈராசிரியர் பள்ளிக்காரன்

டீச்சர், எல்லாம் சரி. ஆள் எங்கே? ஐந்து வகுப்புக்கு நாங்கள் இரண்டு பேர். ஒருவர் கூட்டத்துக்கோ கணக்கெடுப்புக்கோ போனால் ஐந்தும் என் தலையில். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கி நான்கு வருடம் சின்ன வகுப்பையும் பெரிய வகுப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 13 முதல் 17 பிள்ளைகள் இருந்த வகுப்பு, 22 முதல் 25 பேர் இருந்த வகுப்பைவிட நன்றாகப் படித்தது. அங்கே பெரிய வகுப்பு என்றதே இங்கே எங்களுக்குக் கனவு. ஆசிரியருக்கு உத்தி சொல்லிக்கொடுக்கிறவர்கள், அவர் வகுப்பறையில் இருப்பதற்கும் ஒரு வழி செய்யட்டும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியை

உங்கள் கோபம் நியாயம், சார். ஆனால் எங்கள் குழுக்களில் இரண்டை நான் பார்க்கவில்லை. ஒன்றை ஒரு மாணவனின் அக்கா பார்த்தார், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தவர். இன்னொன்றைக் கதைக் குழுப் பிள்ளைகளே பார்த்துக்கொண்டார்கள். அதற்காகக் காலிப் பணியிடத்தை நிரப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை நீங்கள் கேட்டுக்கொண்டே இருங்கள். நிரப்பும்வரை இந்த வருட மூன்றாம் வகுப்பு காத்திருக்காது என்பதுதான் என் கவலை.

கணக்கு வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. அந்தப் பதினைந்து பேரையும் இப்போது பள்ளி தொடங்குவதற்கு முன் முக்கால் மணி நேரம் வரச் சொல்கிறேன். அம்மா எழுதியதைப் பார்த்து, பாடப் புத்தகத்தைத் தொடுவதில்லை. அவர்களைப் பற்றியே வாக்கியம் எழுதிக் கொடுக்கிறேன். எட்டாம் வகுப்புக்காரர்களிடம் ஒன்றாம் வகுப்புக் கதையை நீட்டினால் சுருங்கிப் போகிறார்கள், அதனால் கிரிக்கெட், சண்டை, என்னைப் பற்றிய கிண்டல், எதுவானாலும் சரி. ஐயா சொன்ன அந்த இரண்டு அதிகாரிகளைப் போல, மாதத்துக்கு ஒருமுறை தலைமையாசிரியரையே வந்து கேட்கச் சொல்லியிருக்கிறேன். முதல் மாதம் வந்தார், இந்த மாதம் இன்னும் வரவில்லை.

பதினைந்தில் ஆறு பேர் இப்போது பத்தி படிக்கிறார்கள். மூன்று பேர் காலையில் வருவதையே நிறுத்திவிட்டார்கள், அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். தொட்டிக் கணக்குப் பையன் நேற்று ஒரு கேள்வியைத் தானே படித்து முடித்தான். நிமிர்ந்து, "சார், இந்தக் கேள்வியில் எத்தனை குழாய் என்றே போடவில்லை" என்றான். பார்த்தால் உண்மைதான், எழுதியபோது நான் விட்டிருக்கிறேன்.