மதிய வேளையில் மட்டும் வரும் 502: லோட் பேலன்சரா, எங்கள் சர்வரா?

நொய்யல்கரை:
மருத்துவமனைகளுக்கு டோக்கன் முன்பதிவு செய்யும் சிறிய செயலி ஒன்றை நான் ஒருவனே பராமரிக்கிறேன். சென்ற மாதம் வரை ஒரே சர்வர்தான். காலை 7 மணிக்கு முன்பதிவு திறந்ததும் அது திணறிவிடும். அதனால் அமேசானின் மும்பை மையத்தில் இரண்டு சர்வர்களை வைத்து, அவற்றுக்கு முன்னால், வரும் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்துத் தரும் அப்ளிகேஷன் லோட் பேலன்சரை அமைத்தேன். சர்வர்களில் எங்கள் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை இயக்கும் நோட் ஜேஎஸ் 18ஆம் பதிப்பு நேரடியாக ஓடுகிறது. நடுவில் என்ஜின்எக்ஸ் போன்ற இடைநிலை வலை சர்வர் இல்லை.

காலை நெரிசல் தீர்ந்தது. ஆனால் நாளுக்குப் பத்துப் பதினைந்து முறை 502 (பின்னாலுள்ள சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்ற பிழை) வருகிறது. அதுவும் மதியம் இரண்டு, மூன்று மணிக்கு, நடமாட்டமே இல்லாத வேளையில். நேற்று ஒரு வரவேற்பறையிலிருந்து அழைத்தார்கள்: "பாட்டி ஒருவர் நிற்கிறார், டோக்கன் பொத்தானை அழுத்தினால் வெள்ளைப் பக்கம் வருகிறது." மறுபடி அழுத்தியதும் டோக்கன் கிடைத்துவிட்டது. எங்கள் லாக்கில் (செயலியின் பதிவேட்டில்) முதல் கோரிக்கையின் சுவடே இல்லை. சர்வர் நலமா என்று லோட் பேலன்சர் அவ்வப்போது பார்க்கும் ஹெல்த் செக்கில் இரண்டும் தேறுகின்றன. உடம்பு முடியாமல் வந்து நிற்பவரை இரண்டாம் முறை காத்திருக்க வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கே தேடுவது?

வடம்பிடி:
மூன்றாவதாக ஒரு சர்வர் சேர்த்துப் பாருங்கள். சுமை இன்னும் பிரியும்.

கல்லணை:
சர்வர் சேர்த்தால் செலவுதான் கூடும். ஓய்ந்த நேரத்தில் வருகிறது, உங்கள் லாக்கில் பதியவில்லை என்ற இரண்டு செய்திகளுமே நோயைச் சொல்லிவிடுகின்றன.

லோட் பேலன்சர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வரோடு புது இணைப்பு போடுவதில்லை. ஏற்கெனவே திறந்த இணைப்பைச் சும்மா வைத்திருந்து மறுபடி பயன்படுத்தும். இயல்பாக 60 நொடி வரை அப்படி வைத்திருக்கும். நோட் ஜேஎஸ் 18 அதே சும்மா இருக்கும் இணைப்பை 5 நொடியில் மூடிவிடும். சர்வர் மூடுகிற அதே கணத்தில் லோட் பேலன்சர் அந்த இணைப்பில் ஒரு கோரிக்கையை அனுப்பினால், அது மூடிய கதவில் மோதித் திரும்பும். பயனருக்கு 502 போகும். காலை நெரிசலில் எந்த இணைப்பும் 5 நொடி சும்மா இருப்பதில்லை. அதனால்தான் அப்போது வரவில்லை.

லோட் பேலன்சரின் அணுகல் லாக்கை இயக்குங்கள். நாமாக இயக்காதவரை அது பதியாது. 502 வந்த வரிகளில் சர்வர் தந்த நிலை எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சிறுகோடு இருந்தால், பதில் உங்கள் செயலியிலிருந்து வரவில்லை என்று பொருள்.

வடம்பிடி:
அப்படியானால் லோட் பேலன்சரின் 60 நொடியை 4 ஆகக் குறைத்துவிடலாமே? நிரலைத் தொடவே வேண்டாம்.

கல்லணை:
வேண்டாம். பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்துக்கும் அதே அளவுதான். ஓர் அறிக்கை தயாராக 40 நொடி ஆகிறது என்றால், நாலாவது நொடியில் 504 (பதில் நேரத்துக்குள் வரவில்லை என்ற பிழை) கொடுத்துவிடும். சர்வரின் கீப்அலைவ் நேரத்தை, அதாவது சும்மா இருக்கும் இணைப்பை அது திறந்து வைத்திருக்கும் நேரத்தை, 60 நொடிக்கு மேல் ஏற்றுங்கள். சும்மா இருக்கும் இணைப்பை முதலில் மூடுவது எப்போதும் லோட் பேலன்சராக இருக்க வேண்டும். நோட் ஜேஎஸ்ஸில் அளவு மில்லிநொடியில். 65000 என்று எழுத வேண்டும். வெறும் 65 எழுதி நிலைமையை இன்னும் மோசமாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கோரிக்கையின் தலைப்பு வரிகள் (headers) வந்து சேர சர்வர் காத்திருக்கும் டைம்அவுட்டையும் அதைவிடச் சற்று அதிகமாக, 66000 என்று வையுங்கள்.

நொய்யல்கரை:
மிக்க நன்றி. சிறுகோடு இருந்தது, எல்லா வரிகளிலும். மாற்றுவதற்கு முன் கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஒரு சர்வரில், வலையில் போய்வரும் பொட்டலங்களைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப் கருவியை ஓடவிட்டேன். கடைசிப் பதில் போய்ச் சரியாக 5 நொடி கழித்து எங்கள் சர்வர் இணைப்பை முடிக்கும் பொட்டலத்தை அனுப்புகிறது. அது போய்ச் சேர்வதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து டோக்கன் கோரிக்கை கிளம்பிவிட்டது. எங்கள் சர்வர் ரீசெட் (இணைப்பை உடனே முறிக்கும் பொட்டலம்) அனுப்பியது. மூன்று வரிகள், சில மில்லிநொடிகள். பாட்டியின் வெள்ளைப் பக்கம் இதுதான்.

65000, 66000 போட்டு நான்கு நாள் ஆகிறது. மதியத்தில் ஒரு 502கூட இல்லை. ஆனால் நேற்று புதிய பதிப்பை ஏற்றும்போது மட்டும் இரண்டு வந்தன.

கல்லணை:
அது வேறு கதை. சர்வரை நிறுத்தும் முன் டார்கெட் குழுவிலிருந்து, அதாவது லோட் பேலன்சர் கோரிக்கை அனுப்பும் சர்வர்களின் பட்டியலிலிருந்து, விலக்குகிறீர்களா? விலக்கினால் லோட் பேலன்சர் புதிய கோரிக்கைகளை அதற்கு அனுப்பாது. கையிலிருப்பவை முடிய இயல்பாக 300 நொடி வரை அவகாசம் தரும். அதுவரை நோட் செயல்முறை உயிரோடு இருக்க வேண்டும். உங்கள் செயலிக்கு 300 அதிகம். அந்த 40 நொடி அறிக்கை போன்ற ஏதாவது உங்களிடம் இருந்தால் 60 வையுங்கள், இல்லையென்றால் 30 போதும். புதிய பதிப்பு ஹெல்த் செக்கில் தேறிய பிறகே அடுத்த சர்வரைத் தொடுங்கள்.

நொய்யல்கரை:
விலக்காமலேயே நிறுத்திக்கொண்டிருந்தேன். மாதாந்திர அறிக்கை ஒன்று இருக்கிறது, 60 வைக்கிறேன். இன்றிரவு 11 மணிக்குமேல் ஒவ்வொன்றாக விலக்கி ஏற்றிப் பார்த்து இங்கேயே எழுதுகிறேன்.